ஒரு வால்ட்ஸும் இரண்டு தேதிகளும்

ஓர் இசைப்பிரதி 'சோகமாக இருக்கிறது' என்று சொல்கிறோம். அந்தச் சோகம் எங்கே இருக்கிறது? சுரத்திலா, நடையிலா, இயற்றியவனின் வாழ்க்கையிலா, உறைமேல் அச்சடித்த தேதியிலா? இந்தக் கேள்வியை முன்வைக்க ஷோஸ்தகோவிச்சின் 'இரண்டாவது வால்ட்ஸ்' போல வசதியான பிரதி வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது ரிக்கார்டோ ஷாயி நடத்த, ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் இசைக்குழு வாசித்து, டெக்கா கம்பெனி வெளியிட்ட பதிவு. பதிவானது 1991-இல், சோவியத் யூனியன் கலைந்த வருடம். உறையில் இந்தத் துண்டு 'ஜாஸ் தொகுப்பு எண் 2'-இன் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

முதலில் காதுக்குக் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தட்டு. நம்மூர் பாஷையில் திஸ்ரம். முதல் தட்டு கனம், மற்ற இரண்டும் லேசு. ஸ்ருதி ஸி மைனர். அதாவது காந்தாரம் கீழிறங்கி, சாதாரண காந்தாரமாக நிற்கிறது. நடை அவசரப்படாதது, ஆனால் இழுக்கவும் இல்லை. ஜோடியாக ஆடுகிறவர்கள் மூச்சுவாங்காமல் ஆடலாம். மெட்டைத் தொடங்குவது வயலின் அல்ல, சாக்ஸபோன். கச்சேரி மண்டபத்துக்குள் தெருவிலிருந்து வந்துவிட்ட குரல் அது. அப்புறம்தான் வயலின்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. நடுவில் மேஜரின் வெளிச்சம் சற்றுநேரம் எட்டிப்பார்க்கிறது. பின்னால் அதே மெட்டை டிராம்போன் சொல்கிறது, கனத்த உடம்போடு ஆட வந்தவன் மாதிரி. நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கால் ஆடச் சொல்கிறது, காந்தாரம் அழச் சொல்கிறது. இந்த முரண்தான் பிரதி.

இனி உறையைப் படிப்போம். ஜாஸ் தொகுப்பு எண் 2 என்றால் 1938. 1936 ஜனவரியில் 'பிராவ்தா' அவருடைய ஓபராவைத் தாக்கி எழுதியது. 1937-38 கைதுகளின், சுட்டுக்கொலைகளின் காலம். 1979-இல் வோல்கோவ் வெளியிட்ட, நம்பகத்தன்மை இன்றும் சர்ச்சைக்குள்ளாகியிருக்கிற நினைவுக்குறிப்புகளுக்குப் பிறகு, ஷோஸ்தகோவிச்சின் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒரு ரகசிய எதிர்ப்பைத் தேடுவது பழக்கமாகியும் விட்டது. ஆக சூத்திரம் தயார்: பயங்கரத்தின் நடுவே ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு நடனம் ஆடுகிறான். கேட்கவே உருக்கமாக இல்லை?

ஆனால் தேதி தப்பு. 1938-இல் அரசு ஜாஸ் இசைக்குழுவுக்கு எழுதிய தொகுப்பு காணாமல்போய், அதன் பியானோ கையெழுத்துப்படி 1999-இல்தான் அகப்பட்டது. அதில் இந்த வால்ட்ஸ் கிடையாது. நாம் கேட்பது பின்னாளில் தொகுக்கப்பட்ட, பல்சுவை இசைக்குழுவுக்கான வேறொரு தொகுப்பின் பகுதி. மெட்டின் பிறப்பிடம் மிகயில் கலத்தோசவ் இயக்கி 1956-இல் வெளிவந்த 'முதல் ரயில்படை' படத்தின் இசை. விஷயம் என்ன? 1954-இல் குருஷ்சேவ் தொடங்கிய கன்னிநில இயக்கம். கஜகஸ்தான் புல்வெளியை உழுது கோதுமை விளைவிக்க ரயிலேறிப் போகும் கொம்சோமோல் இளைஞர்கள். 'சோவியத் நாடு' இதழின் பக்கங்களில் டிராக்டர் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு அந்த உலகம் அந்நியமில்லை.

தேதி மாறியதும் சோகம் போய்விட்டதா? இல்லையே. அதே காந்தாரம், அதே டிராம்போன். அப்படியானால் 'ஸ்டாலினியக் கண்ணீர்' என்று கேட்டவர்கள் கேட்டது எதை? உறையை. உடனே இன்னொரு கோஷ்டி வருவார்கள்: 'இதுக்குத்தான் சொன்னோம், இசைக்கு அரசியல் கிடையாது, சுத்தமான வடிவம்தான்.' இதையும் நான் ஏற்கவில்லை. முதல் கோஷ்டி பிரதியை ஆசிரியனின் வாக்குமூலமாக்குகிறது. இரண்டாவது அதற்கு ஊரும் பேரும் இல்லாமல் பண்ணுகிறது. இரண்டிலும் மற்ற மனிதர்கள் யாருமே இல்லை.

அந்த மனிதர்கள் வால்ட்ஸ் என்ற வடிவத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ருஷ்யாவில் மைனரில் அமைந்த வால்ட்ஸுக்குத் தனி வம்சம் உண்டு. ராணுவப் பித்தளைவாத்தியக் குழுக்கள் பூங்காக்களில் வாசித்தவை அவை. 'மஞ்சூரியக் குன்றுகளில்' என்ற வால்ட்ஸை இலியா ஷத்ரோவ் அமைத்தது 1905 முக்டென் போரில் மாண்ட தன் படைப்பிரிவுச் சிப்பாய்களுக்காக. செத்தவர்களுக்கான இசைக்கு ஜனங்கள் ஜோடி சேர்ந்து ஆடினார்கள். துக்கமும் கொண்டாட்டமும் எதிரெதிர் என்பது நடுத்தர வர்க்க ரசனையின் ஏற்பாடு, ஜனங்களுடையது அல்ல. ஷோஸ்தகோவிச் இந்தப் பொதுச்சொத்திலிருந்துதான் எடுக்கிறார். ஆகவே இந்தச் சோகம் ஒரு மேதையின் அந்தரங்கம் அல்ல. வீட்டைவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கும், பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த மெட்டு. படத்தின் உற்சாகப் பிரச்சாரத்துக்குள் அந்த ஞாபகம் கசிந்துவிடுகிறது. கன்னிநிலம் பிற்பாடு புழுதிப்புயலாகவும், 1963-இன் விளைச்சல் சரிவாகவும், வெளிநாட்டுத் தானிய இறக்குமதியாகவும் முடிந்தது. அதை இசை 'முன்னறிந்தது' என்று எழுத மாட்டேன். அது ஜோசியம்.

சந்தை என்ன செய்தது? 1994-இல் அந்த்ரே ரியூ இதை நெதர்லாந்தில் பெரிய வெற்றிப் பாட்டாக்கினார். 1999-இல் ஸ்டான்லி குப்ரிக் 'ஐஸ் வைட் ஷட்' படத்தை ஷாயியின் இதே பதிவோடு தொடங்கினார். பணக்காரத் தம்பதி விருந்துக்குக் கிளம்புகிறார்கள், வால்ட்ஸ் ஒலிக்கிறது. கணவன் போகிற போக்கில் பெட்டியை அணைக்கிறான், இசை நிற்கிறது. படத்தின் ஆன்மா என்று நாம் நினைத்தது அந்த வீட்டின் ஒரு சாமான். குப்ரிக் செய்தது நல்ல விமர்சனம் என்பேன். கூட்டுத் துக்கம் பண்டமான விதத்தை ஒரே விரலசைவில் காட்டிவிட்டார்.

தோற்றுப்போன ஓர் அரசியலின் மிச்சங்களைக் கேட்கும்போது நமக்கு இரண்டு சௌகரியங்கள் தரப்படுகின்றன: ஒன்று, எல்லாவற்றிலும் பலியானவனின் முனகல், மற்றது, எல்லாவற்றிலும் இனிய ஏக்கம். இரண்டுமே கடையில் கிடைப்பவை. தேதியைச் சரிபார்ப்பது பண்டிதவேலை என்று நம் நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் 1938 என்ற தப்பான எண்ணை அழித்தபிறகுதான் அந்த ரயிலில் ஏறிய பையன்களும் பெண்களும் நம் காதுக்குள் வருகிறார்கள். அவர்கள் நம்பினார்கள், ஆடினார்கள், கூடவே பயந்தும் இருந்தார்கள். மூன்றும் ஒரே திஸ்ரத்தில்.