வாயில்லாக் கதாநாயகியும் வாத்தியக் கோஷ்டியும்

வாயில்லா ஜீவன் கதாநாயகியாக அமைந்துவிட்ட படத்தில், வசனம் செய்யவேண்டிய காரியத்தில் பெரும்பகுதியை வாத்தியக் கோஷ்டியே ஏற்க நேரிடுகிறது என்பதை, மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் கம்பெனியார் 1943-இல் வெளியிட்ட 'லாஸி கம் ஹோம்' படத்தைப் பார்ப்பவர் எளிதில் உணரலாம். வறுமையினால் விற்கப்பட்ட லாஸி என்னும் கோலி ஜாதி நாயொன்று (நடித்தது 'பால்' என்னும் ஆண் நாய் என்பது வேறு விஷயம்) தன் எஜமானனாகிய சிறுவனைத் தேடி ஸ்காட்லாந்திலிருந்து யார்க்‌ஷயர் வரையில் தனியே வரும் அந்த நெடும் பிரயாணத்தில், அதன் ஏக்கத்தையும் களைப்பையும் நமக்கு எடுத்துச் சொல்லுகிறவர், ருஷ்யாவிலே பிறந்து, ரோமாபுரியில் ரெஸ்பீகியிடம் சிட்சை பெற்ற டேனியேல் ஆம்ஃபிதியாட்ரோஃப் என்ற சங்கீத வித்வானே. நாயின் முகத்தில் சோகத்தை வரவழைப்பது எந்த டைரக்டருக்கும் எளிதன்று; பிடில்கள் அதைச் சுலபமாகச் செய்துவிடுகின்றன. சில கட்டங்களில் தேவைக்கு அதிகமாகவே செய்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

அதே லாஸி வரிசையில் 1949-இல் வந்த 'தி சன் கம்ஸ் அப்' படத்துக்கு இசையமைத்தவரோ, பெர்லினில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்து, பிற்காலத்தில் லண்டன் சிம்பொனி வாத்தியக் கோஷ்டியைப் பல்லாண்டு நடத்திப் பெரும் கீர்த்தியடைந்த ஆந்த்ரே ப்ரெவின். அப்போது அவருக்கு இருபது பிராயம்கூட நிரம்பவில்லை. பேச்சுக்குப் பதில் குரைப்பு மிகுந்த கதையாதலால் சங்கீதத்துக்கு விஸ்தாரமான இடம் கிடைத்தது. கற்றுக்கொள்ளத் துடிக்கும் வாலிபருக்கு இதைவிட அனுகூலமான சந்தர்ப்பம் வேறென்ன வாய்த்திருக்க முடியும்?