கற்குடிலும் கவிதைக் குடிலும்

அயர்லாந்தின் பழம்பாடல்களைப் பற்றி எழுதுவோர் சிலர், துறவியின் தனிக்குடிலைப் போற்றும் பாடல்களுக்கு அந்நாட்டுக் கற்குடில்களைச் சான்றாகக் காட்டுவர். இடிபாடு பாட்டை விளக்கும் என்பது அவர்தம் கருத்து. யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கருதி மாணவர்க்கு உரைத்து வந்தோம். கெரி மாவட்டத்து டிங்கிள் தீபகற்பத்தில், ஈகிள் மலையின் அடிவாரத்தில் கடலை நோக்கிய ஃபாகனில், பாழ்பட்ட குடிலொன்றினுள் நின்றபோது அக்கருத்து எம்மை விட்டு நீங்கிற்று.

குடிலின் அமைப்பை முதற்கண் கூறுதும். ஐரிஷ் மொழியில் இதனைக் குலோகான் என்பர். கல்லைக் குறிக்கும் குலோக் என்பதே இதன் அடிச்சொல். சாந்தின்றித் தட்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் அதன் கீழ்வரிசையினும் சற்றே உள்நோக்கி நீளவிட்டு, உச்சியைப் பலகைக்கல்லால் மூடுவர். கற்கள் புறத்தே சிறிது சரிந்திருத்தலின் மழைநீர் உட்புகாது வழியும். யாம் கண்ட குடிலின் கூரை வீழ்ந்துவிட்டது. தோளளவு சுவரும், நன்கு குனிந்து புகவேண்டிய வாயிலும் எஞ்சியுள்ளன. அருகில் மரம் ஒன்றேனும் இல்லை.

இனிப் பாடலை நோக்குவோம். அரசன் கூவரேக்கும் அவன் உடன்பிறந்த துறவி மார்வானுக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்த பாடலைக் குனோ மேயர் 1901இல் பதிப்பித்தார். அதில் வரும் குடில் காட்டினுள் உள்ளது. அதன் நிலைக்கால்கள் புதர்ச்செடி, மேல்விட்டம் பூங்கொடி. மரமும் கனியும் பறவையொலியும் அதனைச் சூழ்ந்துள்ளன. கற்சுவர் பற்றிய பேச்சே ஆங்கில்லை. தழையாலும் மரத்தாலும் ஆகிய குடில்கள் மண்ணோடு மண்ணாயின. கல்லால் ஆகியவை நின்றன. எஞ்சியதைக் கொண்டு மறைந்ததற்கு உரை கண்டோம். இதுவே எம் பிழை.

காலத்தைப் பொருத்துவதிலும் இடர் உண்டு. ஃபாகன் குடில்களை விரிவாக ஆராய்ந்து மெக்காலிஸ்டர் 1899இல் எழுதினார். அவற்றைப் பண்டைய குடியிருப்பு எனக் கொண்டார். ஆயின் கட்டுமுறை ஒன்றே காலத்தைக் காட்டாது. கி.மு. 3200 அளவில் எழுந்த நியூகிரேஞ்சுக் கல்லறையின் உட்கூரையும் இம்முறையினதே; டிங்கிள் உழவர் 19ஆம் நூற்றாண்டிலும் இம்முறையில் கொட்டில்கள் கட்டினர்.

துறவியர் கற்குடிலில் வாழ்ந்திலரோ எனின், வாழ்ந்தனர். கடல் நடுவே ஸ்கெல்லிக் மைக்கேல் பாறையில் அவர்தம் குடில்கள் ஆறு இன்றும் உள. ஆயின் அது மடம். அடுத்தடுத்த குடில்களில் பலர் கூடி வாழ்ந்த இடம். பாடலின் தனிமை அதுவன்று.

பாடலின் தனிமையும் ஆராயத்தக்கதே. கூவரே ஏழாம் நூற்றாண்டினன். பாடலின் மொழியோ இரு நூற்றாண்டுகளேனும் பிற்பட்டது. ஆதலின் மார்வான் பாத்திரமேயன்றிப் புலவன் அல்லன். இத்தகைய பாடல்களை இயற்றியோர் காட்டுத் துறவியர் அல்லர், மடங்களில் கற்று வாழ்ந்த குருமாரே என டோனகா ஓ கோரான் 1989இல் வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், குடிலில் வாழ்ந்தவனே குடிலைப் பாடினான் என்னும் முடிபு இனி எளிதில் நில்லாது.

இதனால் பாடலின் சுவை குறையாது. வாழாத வாழ்வை விழைந்து பாடுதலும் உண்மை உணர்ச்சியே. இடிபாட்டை இடிபாடாகவும் பாட்டைப் பாட்டாகவும் தனித்தனியே ஆராய்ந்து, அவை தாமே ஒன்றும் இடத்தில் மட்டும் ஒன்றுவித்தல் ஆய்வாளர் கடன் என்க.