சிரம பரிகாரம்

கதை எழுதுகிறவனுக்கு ஓய்வைப் போலச் சிரமம் கொடுக்கும் விஷயம் வேறு இல்லை. சண்டை, காதல், கடன், சாவு இவற்றில் ஒன்று கையில் அகப்பட்டால் போதும், பேனா தானாக ஓடும். ஒரு மனிதர் வெந்நீரில் அமிழ்ந்து, உடம்பைப் பிடித்துவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தார் என்று எழுதிவிட்டால் அடுத்த வாக்கியத்துக்கு என்ன செய்வது? சுகத்தில் கதை இல்லை. இருந்தும் உலகத்தின் நல்ல நாவல்களில் சில, ஜனங்கள் ஓய்வு தேடிப் போகும் வெந்நீர் ஊற்று ஊர்களிலேயே நடக்கின்றன. அப்படிப்பட்ட நாவல்கள் நாலைச் சமீபத்தில் மறுபடியும் வரிசையாகப் படித்தேன். படித்தபோது தோன்றியதைச் சொல்கிறேன்.

இன்று நம் நகரங்களில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு 'ஸ்பா' என்று பலகை தொங்குகிறது. மங்கலான விளக்கு, எங்கிருந்தோ வரும் புல்லாங்குழல், சூடான துண்டு, வாசனைத் தைலம் என்று ஒரு நாள் முழுவதும் கவலையை மறந்து கிடக்கலாம். ஸ்பா என்பது உண்மையில் ஓர் ஊரின் பெயர். பெல்ஜியத்தில் இருக்கிறது. அதன் ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்று ஐரோப்பா முழுவதும் நம்பிற்று. 1717-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டரே அங்கே போய் நீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு ஊரின் பெயரே தொழிலுக்கும் பெயராகிவிட்டது.

நாவலாசிரியர்கள் இத்தகைய ஊர்களை நாடிய காரணம் சுலபமானது. சொந்த ஊரில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காதவர்கள் இங்கே ஒரே கிணற்றடியில் கையில் கண்ணாடி டம்ளருடன் நிற்பார்கள். யாருக்கும் வேலை இல்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். பணம் இருக்கிறது, அல்லது இருப்பதாகப் பாசாங்கு இருக்கிறது. இதற்கு மேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

லெர்மந்தவ் 1840-ல் வெளியிட்ட 'நம் காலத்து நாயகன்' நாவலில் 'இளவரசி மேரி' என்ற பகுதி காக்கஸஸ் மலையடிவாரத்துப் பியாத்திகோர்ஸ்க் என்ற ஊரில் நடக்கிறது. காலில் அடிபட்ட குருஷ்நித்ஸ்கி என்ற வாலிபன் ஊற்றருகே கண்ணாடி டம்ளரைக் கீழே நழுவவிடுகிறான். குனிய முடியவில்லை. மேரி ஓடிவந்து எடுத்துக் கொடுக்கிறாள். அந்த ஒரு டம்ளரிலிருந்து அவமானமும் பொறாமையும் துவந்த யுத்தமும் ஒரு கொலையும் விளைகின்றன. புத்தகம் வெளிவந்த மறு வருஷம் லெர்மந்தவே அதே பியாத்திகோர்ஸ்க் அருகில் துவந்த யுத்தத்தில் மாண்டான். ஆரோக்கியத்துக்குப் பேர்போன ஊர் எழுதினவனுக்கே எமனாயிற்று.

தாஸ்தயெவ்ஸ்கியின் 'சூதாட்டக்காரன்' இன்னும் ஒரு படி மேல். பதிப்பாளரிடம் பட்ட கடனுக்காக 1866 அக்டோபரில் சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாட்களில் சொல்லி எழுதிய நாவல் அது. அந்தப் பெண்ணையே மறு வருஷம் மணந்துகொண்டார். கதை நடக்கும் ரூலெட்டன்பர்க் கற்பனை ஊர். ஆனால் வீஸ்பாடனிலும் பாடன்-பாடனிலும் கையிலிருந்ததைத் தோற்றவரின் அநுபவம் அதில் கொதிக்கிறது. அங்கே நீர் குடிப்பது பேருக்குத்தான். எல்லாரையும் இழுப்பது சூதாட்ட மேஜை. மாஸ்கோவில் செத்துக்கொண்டிருப்பதாக நம்பப்பட்ட பணக்காரப் பாட்டி, அவளுடைய சாவுத் தந்திக்காகக் காத்திருக்கும் உறவினர் நடுவே, நாற்காலியில் தூக்கிவரப்பட்டு வந்து இறங்குகிறாள். இறங்கியவள் ரூலெட்டில் பெருந்தொகையைத் தோற்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு பயங்கரமும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

இரண்டும் அற்புதமான கதைகள்தாம். ஆனால் இரண்டிலும் வெந்நீர் ஊர் ஒரு நாடக மேடை. திரை எழுந்தபோது எல்லாம் தயாராக இருக்கிறது. தொட்டியில் நீர் நிரப்பியது யார், துண்டைப் பிழிந்து உலர்த்தியது யார் என்ற கேள்வி எழவே இல்லை. பாட்டியோடு பொதாபிச் என்ற வேலைக்காரக் கிழவன் வருகிறான், அவன் பேசவும் செய்கிறான். ஆனால் அவன் மாஸ்கோவிலிருந்து கூட வந்த வீட்டு மனிதன். ஓய்வை விற்றுப் பிழைக்கும் அந்த ஊரின் ஜனங்களுக்குக் கதையில் முகம் இல்லை.

முகம் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் இங்கிலீஷ்காரி, ஒருவர் ஜப்பானியர்.

ஜேன் ஆஸ்டின் 1801-லிருந்து 1806 வரை பாத் நகரத்தில் குடியிருந்தாள். பெயரே குளியல் என்று பொருள்படும் ஊர். ரோமானியர் கட்டிய குளம் இன்றும் இருக்கிறது. சுமார் 46 டிகிரிச் சூட்டில் நாள்தோறும் 10 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் பூமியிலிருந்து பொங்குகிறது. ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தாள். அந்த வருஷக் கடைசியில் வெளிவந்த 'பெர்ஸுவேஷன்' நாவலின் பின்பாதி இங்கேதான் நடக்கிறது. கடன் தாங்காமல் பூர்விக மாளிகையை வாடகைக்கு விட்ட ஸர் வால்ட்டர், குறைந்த செலவில் பெரிய மனிதராக உலவ இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். அவருக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. இருக்கும் நோய் கௌரவம் ஒன்றுதான். அதற்குப் பாத் நகரத்து நீரில் மருந்து கிடையாது.

உண்மையான நோயாளி நாவலில் ஒருத்தி உண்டு. ஸர் வால்ட்டரின் இரண்டாவது மகள் ஆன் எலியட்டோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்மித் அம்மாள். இளம் விதவை. வாதக் காய்ச்சல் கால்களில் தங்கி நடக்க முடியாமல் போய்விட்டது. குளியலறைகளுக்குப் பக்கத்தில் சத்தம் மிகுந்த ஒரு முன்னறையும், பின்னால் இருண்ட படுக்கையறையும் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே துணை வேண்டும். வெந்நீர்க் குளியலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் நேரம் தவிர வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. இவளைக் கவனித்துக்கொள்பவள் வீட்டுக்காரியின் தங்கை, நர்ஸ் ரூக். நோயாளியின் கையைச் சும்மா விடவில்லை அவள். பின்னல் வேலை கற்றுக் கொடுத்தாள். ஸ்மித் அம்மாள் செய்யும் நூல் உறைகளையும் ஊசிப் பஞ்சணைகளையும், தான் கவனித்துவரும் பணக்கார நோயாளிகளிடம் விற்றுக் கொடுக்கிறாள். எப்போது விற்பது என்பதும் அவளுக்குத் தெரியும். கடும் வலியிலிருந்து அப்போதுதான் தப்பியவனின் மனம் திறந்திருக்கும், அந்த நேரம் பார்த்துக் கேட்பாள். வந்த பணத்தில் ஸ்மித் அம்மாள் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு உதவுகிறாள்.

ஆனை மணக்க வரும் எலியட் என்ற கனவானின் உள்நோக்கம் இந்த நர்ஸ் மூலமாகத்தான் வெளியாகிறது. அவள் வேறொரு வீட்டில் பிரசவித்தவளைக் கவனிக்கிறாள். அங்கே காதில் விழுந்தது இங்கே வந்து சேர்கிறது. அந்த இடத்தில் ஸ்மித் அம்மாள் ஒரு கேள்வி கேட்கிறாள்: நேற்று நீ வந்தபோது கதவைத் திறந்தவளைக் கவனித்தாயா? ஆன் கவனிக்கவில்லை. வீட்டுக்காரியோ வேலைக்காரியோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைத் திறந்தவள் நர்ஸ் ரூக்.

இதை நான் பல தடவை திருப்பிப் படித்தேன். ஆன் எலியட் சாதாரணப் பெண் அல்ல. அந்த நாவலில் எல்லாருடைய மனத்தையும் கூர்ந்து பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அவளே பார்க்கவில்லை! இதைவிடப் பெரிய விஷயம், நாமும் பார்க்கவில்லை. முன்தினம் ஆன் அவசரமாக வந்து போனதை ஆஸ்டின் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறாள். கதவைப் பற்றியே பேச்சில்லை. வாசகரையும் கதாநாயகியோடு சேர்த்து அந்த வாசற்படியில் நடத்திக்கொண்டு போய், பிறகு நின்று கேட்கிறாள். ஆஸ்டினை டீ மேஜைக் கதைகள் எழுதியவள் என்று சொல்பவர்களிடம் நான் இந்த அத்தியாயத்தைத்தான் காட்டுவேன்.

யாசுநாரி கவாபாத்தா 1935-ல் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கி 1948-ல் முடித்த 'பனி நாடு' நாவலிலும் இதே போன்ற ஒரு காட்சி இருப்பதைக் கண்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டோக்கியோவில் மனைவி மக்களை விட்டுவிட்டு, நீண்ட சுரங்கத்தைத் தாண்டி, பனி மூடிய மலையூரின் வெந்நீர் விடுதிக்கு ஓய்வெடுக்க வருகிறான் ஷிமாமுரா. முன்னோர் சொத்தில் வாழ்கிறவன். மேல்நாட்டு பாலே நடனத்தைப் பற்றி எழுதுவான். கண்ணால் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அங்கே விருந்துகளில் சாமிசென் வாசித்துப் பாடிப் பிழைக்கும் கோமாகோ என்ற கெய்ஷாப் பெண் இவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள்.

ஒருநாள் ஷிமாமுரா, உடம்பு பிடித்துவிடும் குருட்டுப் பெண் ஒருத்தியை அறைக்கு அழைத்துக்கொள்கிறான். ஜப்பானில் பல காலமாகப் பார்வையற்றவர்களுக்கென்றே இருந்த பிழைப்பு இது. தூரத்தில் கேட்கும் சாமிசென் ஒலியைக் கொண்டே வாசிப்பது யார் என்று அவள் சொல்லிவிடுகிறாள். அவன் தோளை அழுத்திக்கொண்டே ஊர்ச் செய்தியையும் சொல்கிறாள்: சங்கீத ஆசிரியையின் மகன் நோயில் கிடக்கிறான், அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள் கோமாகோ, அவனுடைய வைத்தியச் செலவுக்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

செய்தி முழுதும் சரியல்ல. நிச்சயதார்த்தம் எதுவும் நடக்கவில்லை என்கிறாள் கோமாகோ. நர்ஸ் ரூக்கும் ஆன் அந்த எலியட்டையே மணக்கப் போகிறாள் என்று தவறாகச் சொன்னவள்தான். இருவரையும் சகலமும் அறிந்த சாட்சிகளாக்காமல், காதில் விழுந்ததைச் சொல்லும் மனிதர்களாகவே விட்டது நல்ல எழுத்தாளர்களின் அடையாளம். ஆனாலும் இருவரும் ஒன்றைச் செய்கிறார்கள். ஓய்வு என்ற பெயரில் இழுத்து மூடிய அறைக்குள் வெளியுலகத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்கும் கை, வீடு வீடாகப் போகும் கை. அதற்கு எல்லா இடத்து வலியும் தெரியும்.

'பனி நாடு' நாவலைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக அதன் அழகையும் துயரத்தையும் மெச்சுகிறார்கள். கோமாகோ சிறு வயதிலிருந்து படித்த கதைகளையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைக்கிறாள்: எழுதியவர் பெயர், பாத்திரங்கள், அவர்களுக்குள் என்ன உறவு. ஷிமாமுரா கேட்டுவிட்டு, வீண் உழைப்பு என்கிறான். நாவலில் இந்த நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. இதை நாவலின் தத்துவமாகவே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழைக்க அவசியமே இல்லாத ஒருவன், பார்க்காத நடனத்தைப் பற்றி எழுதுகிற ஒருவன், இன்னொருத்தியின் உழைப்பை வீண் என்கிறான்! அந்த வார்த்தை யார்மேல் விழுகிறது என்பதைக் கவாபாத்தா அறியாமலா எழுதியிருப்பார்? அவனுடைய சிரம பரிகாரத்துக்கு வேண்டிய சிரமத்தை அவள் படுகிறாள். விருந்துகளில் குடித்துத் தள்ளாடிக்கொண்டு அவன் அறைக்கு வந்து, விழுந்து, எழுந்து, மறுபடி வேலைக்கு ஓடுகிறாள். நாவல் அவள் பக்கம்தான் நிற்கிறது. மெதுவான குரலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதை என் சகோதரியின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ், வீட்டில் மாமியாருக்கு மருந்து, பையனுக்குப் பாடம் என்று ஓடுகிறவள். மாதத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு நிலையத்துக்குப் போய்வருவாள். "மாமா, தலைபாரம் குறையட்டும் என்று தைலம் தேய்த்துக்கொள்ளப் போனால், தேய்க்கிறவள் கதையையும் சேர்த்துச் சுமந்துகொண்டா வரவேண்டும்? எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் சொந்தம்" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். அவளுடைய களைப்பு ஸர் வால்ட்டரின் களைப்பு அல்ல. ஓய்வெடுக்கிறவரையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கும் பிடிக்காது. ஆஸ்டினும் அப்படிச் செய்யவில்லை. அவளுடைய அட்மிரல் கிராப்ட் கீல்வாதத்துக்காகப் பாத் நகரத்துக்கு வந்து, மனைவியின் கையைக் கோத்துக்கொண்டு தெருவெல்லாம் சந்தோஷமாக நடக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை.

நம் வீடுகளில் எண்ணெய்க் குளியலை நினைத்துப் பார்க்கிறேன். தீபாவளி விடியலில் அம்மா எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, வெந்நீர் விளாவிக் கொடுப்பாள். அம்மா எப்போது குளித்தாள் என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் கவனித்ததில்லை. இன்று அந்த வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பேசக் கூடாது என்பதும் வாங்கும் காசில் அடக்கம். நர்ஸ் ரூக்குக்கும் குருட்டுப் பெண்ணுக்கும் இருந்த ஒரே ஆயுதம் அவர்களுடைய பேச்சு.

ஆகவே சகோதரி மகளுக்கு நான் சொன்ன பதில் சின்னது. கதையைச் சுமக்க வேண்டாம், பெயரைக் கேட்டுவிட்டு வா என்றேன். வாசகருக்குச் சொல்வது வேறு. நால்வரில் தாஸ்தயெவ்ஸ்கி பெரிய சக்தி, லெர்மந்தவ் பெரிய சாமர்த்தியம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓய்வைப் பற்றி உண்மையை எழுதியவர்கள் மற்ற இருவர். இன்றைய தமிழ்க் கதைகளிலும் மலைவாசஸ்தலமும் விடுதியும் தைலக் குளியலும் வந்துபோகின்றன. அவற்றைப் படிக்கும்போது கதவைத் திறந்தது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பார்த்திருக்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.