கொலையும் காப்பீடும்: ‘மாஷினல்’ நாடகம் விடுத்த பொருள்

நடந்த நிகழ்ச்சி ஒன்றை நாடகமாக்கிய ஆசிரியர் அதனோடு எதனைச் சேர்த்தார் என ஆராய்வார் பலர். அதனின்றும் எதனை விடுத்தார் என ஆராய்வார் சிலரே. சோபி டிரெட்வெல் அம்மையார் இயற்றிய ‘மாஷினல்’ என்னும் அமெரிக்க நாடகத்திற்கு இவ்விரண்டாம் வினாவே முதன்மையானது. அதற்கு அடிப்படையாய் அமைந்த கொலை வழக்கில் ஊரெல்லாம் பேசிய ஆயுட்காப்பீட்டுப் பணம் நாடகத்துள் ஓரிடத்தும் வரவில்லை. இதனைக் குறையென்பதா, திறமென்பதா? இதுவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

வழக்கின் செய்தி வருமாறு. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் நியூயார்க்கு நகரின் குயின்சுப் பகுதியில் ஆல்பர்ட் ஸ்னைடர் என்பார் தம் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். அவர் மோட்டார்ப் படகு பற்றிய இதழொன்றில் ஓவியப் பகுதியின் ஆசிரியர். கொன்றவர்கள் அவருடைய மனைவி ரூத்தும், அவள் காதலனாகிய ஜட் கிரே என்னும் விற்பனையாளனும் ஆவர். சன்னற் சட்டத்தில் தொங்கும் இரும்புக் குண்டும், குளோரோபாரமும், படம் மாட்டும் கம்பியும் அவர்தம் கருவிகள். கள்வர் புகுந்ததாக அவர்கள் கட்டிய கதை விரைவில் குலைந்தது. கணவர் இன்னதெனத் தெளிய அறியாமலே பெருந்தொகைப் பாலிசியில் கையெழுத்திட்டார் என்பதும், விபத்தாலோ வன்முறையாலோ சாவு நேரின் தொகை இரட்டிக்கும் என்னும் விதி அதில் இருந்தது என்பதும், தவணை அறிவிப்புகள் அவர் கண்ணிற் படாதவாறு மனைவி ஏற்பாடு செய்திருந்தாள் என்பதும் வழக்கில் வெளிப்பட்டன. 1928 ஜனவரி 12ஆம் நாள் இருவரும் சிங்சிங் சிறையில் மின்நாற்காலியில் உயிர் துறந்தனர். கணுக்காலில் மறைத்துக் கட்டிய கருவியால் ஒருவர் எடுத்த அவளுடைய இறுதிப் படம் மறுநாள் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழின் முதற்பக்கத்தை நிரப்பியது. அதற்குப்பின் எட்டுத் திங்கள் கழியுமுன், செப்டம்பர் 7ஆம் நாள், ‘மாஷினல்’ பிராட்வேயில் அரங்கேறியது.

இத்தகைய கொலைக்குக் காப்பீட்டுச் சட்டமே ஒருவகையில் வாயில் திறந்து வைத்துள்ளது எனலாம். தொடர்பற்றார் உயிர்மீது பந்தயம் கட்டுவதுபோல் காப்பீடு எடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் 1774ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஓர் உயிரின் நீட்சியில் நலன் உடையவரே அவ்வுயிர்மீது காப்பீடு செய்யலாம் என்பது அதன் கருத்து. அமெரிக்க நீதிமன்றங்களும் இக்கொள்கையைத் தழுவின. கணவன் மனைவியர்க்கோ அந்நலன் உண்டு எனச் சட்டம் தானே கொள்ளும், மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஆகவே, அன்பு பொய்த்த இல்லத்தும் சட்டத்தின் கண்ணுக்கு அன்பு இருந்துகொண்டே இருக்கும். இம்முரணைக் கண்டுகொள்ளும் எழுத்தாளர்க்கு இவ்வழக்கு பெரும்பொருளாகும்.

ஜேம்ஸ் கேய்ன் இதனைக் கண்டுகொண்டார். 1936இல் இதழிலும் 1943இல் நூலிலும் வெளிவந்த ‘டபிள் இண்டெம்னிட்டி’ என்னும் அவர் கதையில், காப்பீட்டு முகவனே கொலைக்குத் துணையாகின்றான். 1944இல் பில்லி வைல்டர் அதனைத் திரைப்படமாக்கினார். தற்கொலைகளை வகை வகையாய்ப் பகுத்த புள்ளி அட்டவணையைத் தன் நினைவிலிருந்தே ஒப்பிக்கும் கீஸ் என்னும் அலுவலர் அதில் மறக்கவொண்ணாத படைப்பு. எனினும் கேய்னிடம் காப்பீடு ஒரு புதிரின் பூட்டாகவே நின்றுவிடுகின்றது. பூட்டு எவ்வாறு திறக்கும் என்னும் ஆவலில், கொலையுண்ட கணவரைக் கற்பார் மறந்து போகின்றனர்.

டிரெட்வெல் அம்மையார் பாலிசியைத் தொடவில்லை. ஆயினும் உயிருக்கு விலை பேசுதல் என்னும் கருத்தை அவர் விட்டாரல்லர் என்பது எம் துணிபு. கொலையிலிருந்து அதனை எடுத்து மணத்தில் வைத்தார். ஒன்பது காட்சிகளுள் முதலாவது ஓர் அலுவலகம். அங்கே கணக்கர் எண்களை ஒப்பிக்கின்றார். தட்டச்சுப் பொறியும் தொலைபேசியும் மனிதரோடு மனிதராய் ஒலிக்கின்றன. இரண்டாம் காட்சியில், ‘இளம்பெண்’ என்றே பெரும்பாலும் சுட்டப்பெறும் தலைவி தன்னை மணக்க விரும்பும் முதலாளியைப் பற்றித் தாயிடம் கூறுகின்றாள். தாய் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் நிறுவனத்தின் துணைத்தலைவர் எனக் கேட்டவுடன் அவள் குரல் மாறுகின்றது. அவர் தொட்டால் தன் மேனி கூசுகின்றது என மகள் சொல்ல, அது சோறிடுமா என்னும் பொருள்படத் தாய் விடை கூறுகின்றாள். மகளின் உடல் தாயின் முதுமைக்குக் காப்பீடாகின்றது. தவணை கட்டுபவள் மகள். இக்காட்சியை மனத்திற் கொண்டு ஏழாம் காட்சிக்கு வருவார், கணவர் சொத்து வாங்கியதைத் தொலைபேசியில் பேசி மகிழும்போது, வெறும் செல்வச் செருக்கை மட்டும் அங்கே காணார்.

நாடகத்தின் பெயர் பொறிபோல் தன்னுணர்வின்றி நிகழ்வது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். 1931இல் இலண்டனில் ஆடப்பெற்றபோது ‘வாழ்க்கைப் பொறி’ எனப் பொருள்படும் வேறு பெயர் சூட்டினர். அது விளக்கம் மிகுந்தது, சுவை குறைந்தது.

இனித் தடையொன்று உண்டு. நடந்ததை மாற்றியது பிழை என்பர் சிலர். தொல்காப்பியர் புலனெறி வழக்கத்திற்கு நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் ஒருங்கே வேண்டினார். அவர் அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தை மேனாட்டு அரங்கின்மேல் ஏற்றுதல் எம் நோக்கமன்று. உள்ளதை உள்ளவாறே உரைத்தல் படைப்பாகாது என்பதற்கு அது போதிய சான்று. ஆகவே மாற்றினார் என்பதனாலேயே குற்றங் கூற யாம் ஒருப்படோம். காதலனை மெக்சிகோ நாட்டிலிருந்து எழுத்துவாக்குமூலம் மட்டும் அனுப்பித் தப்பவிட்டதும், இரும்புக் குண்டை நீக்கிக் கூழாங்கல் நிறைத்த புட்டியை வைத்ததும் சிறந்த மாற்றங்களே. அவன் அன்போடு தந்த அல்லிமலர்க் கிண்ணத்தில் கிடந்த கற்களே பின்பு கொலைக்கருவியாதல் எண்ணுந்தோறும் நடுக்கந் தருவது.

எம் குறை வேறு. பாலிசி நீங்கவே, கையெழுத்திட்டு ஏமாந்த மனிதரும் உடன் நீங்கினார். விடுதலை வேண்டியே கொன்றதாக மன்றத்தில் இளம்பெண் கூறுகின்றாள். மணவிலக்குப் பெறாதது ஏன் என நடுவர் வினவ, கணவரை அவ்வாறு புண்படுத்த மனம் வரவில்லை என்கின்றாள், மன்றத்தார் நகைக்கின்றனர். நகைப்பும் அவலமும் ஒருங்கு பிறக்கும் இவ்விடம் நாடகத்தின் உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவள் சொல்லை நாம் நம்ப இயல்வது, பல திங்களாய்த் தவணை செலுத்திக் காத்திருந்த ஒருத்தியை ஆசிரியர் நம் பார்வையிலிருந்து அகற்றிவிட்டமையால் அன்றோ? ஒரே இரவில் எழுந்த வெறியைப் பொறுக்கும் நெஞ்சம், கணக்கிட்டுக் காத்த காத்திருப்பைப் பொறுக்குமா? பொறுக்கச் செய்திருப்பின், நாடகம் இன்னும் அரிய வெற்றி பெற்றிருக்கும். அம்மையார் அம்முயற்சியில் இறங்கவில்லை.

இறுதிக் காட்சியைக் கூறி முடிப்பாம். தலைவியின் தலைமயிரை வலிந்து மழிக்கின்றனர். மேலே வானூர்தி ஒலிக்கின்றது. தாயை ஒருமுறை காண்கின்றாள். பின் மேடை இருளடைய, சாவு செய்தியாளர் பேச்சாகவும், இடையில் அறுபடும் ஒரு குரலாகவும் மட்டுமே நம்மை அடைகின்றது. நாளிதழ் எதனைக் காட்டிப் பொருளீட்டியதோ அதனை அரங்கு காட்ட மறுத்தது. ஏழாம் காட்சியின் இறுதியிலும் இவ்வாறே கணவர் கொலையை இருளில் மறைத்தார் ஆசிரியர். ஆனால் மனைவியின் குரல் அவ்விருளையும் கடந்து நம் செவிக்கு எட்டுகின்றது. கணவரின் குரல் எட்டவில்லை.