அறை வாடகையும் கடலின் தூரமும்

சேலம் அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு லாட்ஜ் வாடகையின் சூட்சுமம் நன்றாகவே தெரியும். மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டில் அறை கிடைக்காதவர்கள் இங்கே பையை வைத்துவிட்டு, காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மாலையில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு நடை ஏற்றம், ஒரு நடை இறக்கம். அடிவாரத்தில் தங்கினால் மிச்சம் என்பது ஏற்காட்டுக்குச் சரியான கணக்குதான். பிள்ளைகளோடு புதுச்சேரிக்குக் கிளம்பும்போதும் இதே கணக்கைத்தான் எடுத்துப் போகிறோம். அங்கே அது தப்பாகிறது.

புதுச்சேரியில் கடலை ஒருமுறை பார்த்துத் திரும்புவதில்லை. விடியலில் ஒருதரம், இருட்டிய பிறகு ஒருதரம் போகத்தான் அந்த ஊருக்கே போகிறோம். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலிருந்து கடற்கரைச் சாலை இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நாலு பேர் கொண்ட குடும்பம் ஆட்டோவில்தான் போகும். ஒரு நடைக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு நாலு நடை, இரண்டு நாளில் 800 ரூபாய். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அந்த ஆட்டோவும் நம்மைத் தெருமுனையில்தான் இறக்கிவிடும். வாடகையில் மிச்சம் பிடித்தது ரோட்டிலேயே கரைந்துவிடுகிறது.

ஆனாலும் அந்த லாட்ஜுகளுக்குச் சேர வேண்டிய ஒரு நியாயம் உண்டு. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் வந்து, விடிகாலை நாலு மணிக்கு இறங்குபவருக்கு 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜ் பெரிய வரம். மறுநாள் அதே நேரம் வரை அறை நம்முடையது. பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் நாலு மணிக்கு நுழைந்தால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். இல்லாவிட்டால் தூங்கி வழியும் பிள்ளைகளோடு வரவேற்பறையில் உட்கார வேண்டும். ஒரே ஓர் இரவு தங்குபவருக்கு பஸ் ஸ்டாண்ட் லாட்ஜே போதும்.

இரண்டு இரவு என்றால், அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் இருக்கும் பார்க் கெஸ்ட் ஹவுஸின் அறைகள் கடலைப் பார்த்தவை. அந்தச் சாலையில் அப்படி ஓர் அறைக்குத் தனியார் ஓட்டல்கள் கேட்பது பல மடங்கு. மது, புகை கூடாது. இரவு பத்தரைக்கு வாசல் சாத்திவிடுவார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு இதெல்லாம் குறையாகாது. உண்மையான குறை வேறு: ஆசிரமத்துக்கு வருபவர்களுக்கே அங்கு முன்னுரிமை. அன்னை பிறந்த பிப்ரவரி 21, அரவிந்தர் பிறந்த ஆகஸ்ட் 15 ஆகிய தரிசன நாட்களை ஒட்டி இடம் கேட்பதே வீண். மலிவு என்பதற்காக மட்டும் அங்கு போய், அமைதியைத் தேடி வந்தவரின் காதருகே கூச்சல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடங்கி இருக்கத் தெரிந்தவர்கள் போகலாம்.

அங்கே கிடைக்காவிட்டால், ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கம் தேடுங்கள். பஸ் ஸ்டாண்ட் லாட்ஜைவிட வாடகை கூடும்தான். ஆனால் கடலுக்கு நடந்தே போய் வரலாம், டிபனும் பக்கத்திலேயே கிடைக்கும். அஸ்தம்பட்டிக் குடும்பத்துக்கு நான் சொல்லும் தீர்ப்பு இந்தப் பகுதிதான். வடக்கே கோட்டக்குப்பத்தைத் தாண்டிய கடலோர அறைகளில் அலை அருகே இருக்கிறது, ஊர் தள்ளிப்போய்விடுகிறது. சொந்த வண்டியில் வருபவருக்கே அது ஒத்துவரும்.

வாடகை கேட்கும்போது வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள். 1,000 ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை ஜிஎஸ்டி இல்லை. பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். 1,500 ரூபாய் அறைக்கு 180 ஆக இருந்த வரி இப்போது 75. பழைய கணக்கில் யாராவது பில் போட்டால் தயங்காமல் கேட்கலாம்.

நாள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னை, பெங்களூரு கூட்டம் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடும். பள்ளி விடுமுறையில் நாம் ஞாயிறு இரவு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் போதும்.