பாழ்நிலம் பேசும் கதைகள்: ‘ஸ்டால்கர்’ விளையாட்டுகள் நான்கும் ஓர் ஒப்பாய்வு

ஒரு கதை நிகழும் நிலம் அக்கதைக்கு வெறும் மேடையா, அன்றி அதன் உயிரா என்பது திறனாய்வில் பழைய வினா. தமிழ் இலக்கணத்தார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தனர். அந்நிலத்தில் வாழும் மாவும் மரமும் மக்களும் கருப்பொருள் என்றும், அங்கு எழும் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் வகுத்தனர். இவ்வளவுகோல் நூல்களுக்கு மட்டுமே உரியது என்று கருத வேண்டுவதில்லை. கதை தழுவிய கணினி விளையாட்டுகளின் தரம் காணவும் அது துணை செய்யும். மாணவர் பலர் நூலினும் மிகுந்த நேரத்தை இவ்விளையாட்டுகளோடு கழிக்கும் நாளில், ஆசிரியர் இவற்றை முற்றும் ஒதுக்குதல் நன்றன்று. நல்லதும் அல்லதும் பிரித்துக் காட்டுதலே அவர்தம் கடன்.

அவ்வாறு ஆராயத் தக்கது உக்கிரேன் நாட்டில் பிறந்த ‘ஸ்டால்கர்’ வரிசை. கீவ் நகரத்து ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்டு நிறுவனத்தார் இதனை ஆக்கினர். ‘செர்னோபிலின் நிழல்’ 2007இலும், ‘தெளிந்த வானம்’ 2008இலும், ‘பிரிப்பியாட்டின் அழைப்பு’ 2009இலும், ‘செர்னோபிலின் இதயம்’ 2024இலும் வெளிவந்தன. நான்கிலும் ஆடுவோன் துப்பாக்கி ஏந்தி அழிவுண்ட நிலத்தில் தன் விருப்பம்போல் அலைகிறான். நான்கனுள் எது சிறந்தது என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. முதலாவதே முடிமணி என்பார் பலர். மூன்றாவதைப் போற்றுவாரும் உளர். இரண்டாவதைக் கடையில் வைப்பதில் பெரும்பாலோர் ஒருமிக்கின்றனர். இத்தீர்ப்புகள் துப்பாக்கியின் திறத்தையும் காட்சியின் பொலிவையும் கொண்டே பெரிதும் எழுகின்றன. நிலத்தைக் கொண்டு நோக்கின் வழக்கு வேறு வகையாகத் தீரும்.

நிலத்தின் வரலாறு

1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4ஆம் உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியாட், அந்நிலையத்து ஊழியர்க்காக 1970இல் எழுப்பப்பட்ட நகரம். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 49,000 பேர். மறுநாள் அவர்கள் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டனர். சில நாளில் திரும்பலாம் என்று எண்ணிச் சென்றவர்கள் மீண்டும் அங்குக் குடியேறவே இல்லை. மே நாள் விழாவுக்கென நிறுத்திய இராட்டினம் இன்றும் அங்கே துருவேறி நிற்கிறது. உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் அளவுக்கு மக்கள் வாழாத மண்டலம் வகுக்கப்பட்டது.

விளையாட்டின் கருத்து இவ்விபத்துக்கும் மூத்தது. அர்க்காதி, போரிஸ் என்னும் ஸ்துருகாட்ஸ்கி உடன்பிறப்பினர் 1972இல் ‘சாலையோரச் சிற்றுண்டி’ என்னும் புதினத்தை வெளியிட்டனர். வேற்றுலகத்தார் வந்துபோன இடத்தில் இயற்கை நெறி பிறழ்கிறது. அங்குக் கிடக்கும் அரும்பொருள்களைக் களவாக எடுத்து விற்போர் ‘ஸ்டால்கர்’ எனப்படுகின்றனர். இதனைத் தழுவி 1979இல் தார்க்கோவ்ஸ்கி திரைப்படம் எடுத்தார். கற்பனை மண்டலம் முன்னே பிறந்தது. உண்மை மண்டலம் பின்னே வந்தது. கீவ் நகரத்தார் இரண்டையும் ஒன்றாக்கினர். 2006இல் செர்னோபிலில் இரண்டாம் பேரழிவு நேர்ந்ததாகப் புனைந்து, அதன்மேல் தம் கதையை நிறுத்தினர்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. மண்டலமும் அத்தகைய திரிந்த நிலமே. காடும் வயலும் சிற்றூரும் அழியாமல் நிற்கின்றன. ஆயினும் அவற்றின் இயல்பு மாறிவிட்டது. பசும்புல்லில் கால் வைத்தால் உயிர் போகலாம். எனவே ஆடுவோன் ஒவ்வோர் அடிக்கும் முன்னே ஓர் இரும்புத் திருகாணியை எறிந்து வழி அறிகிறான். புதினத்திலிருந்து வந்த இச்சிறு செய்கை நான்கு விளையாட்டுக்கும் அச்சாணி போன்றது. துப்பாக்கி ஏந்தியவனையும் அது அஞ்சி நடக்கச் செய்கிறது.

முதலாவதும் இரண்டாவதும்

‘செர்னோபிலின் நிழல்’ நினைவிழந்த ஒருவனோடு தொடங்குகிறது. ஸ்திரெலோக் என்பவனைக் கொல்க என்னும் ஓர் ஏவலன்றி அவனிடம் வேறொன்றும் இல்லை. தேடிச் செல்பவனே தேடப்படுபவன் என்பது பின்னர்ப் புலனாகிறது. இவ்விளையாட்டில் விலங்குகளும் பிற மனிதரும் ஆடுவோன் காணாத இடத்திலும் இயங்குமாறு ஒரு முறை அமைக்கப்பட்டது. நாய்க்கூட்டம் இடம் பெயர்கிறது. வழிப்போக்கர் கொள்ளையரோடு பொருது மடிகின்றனர். ஆடுவோன் வந்து சேரும்போது சில நேரங்களில் பிணங்களே எஞ்சியிருக்கும். உலகம் தனக்காகக் காத்திருக்கவில்லை என்னும் உணர்வை இது தருகிறது. கருப்பொருளுக்கு உயிர் தந்த இச்செயலே முதல் விளையாட்டின் தலையாய சிறப்பு.

அதன் முடிவும் எண்ணத் தக்கது. வேண்டியதை அருளும் கல் உலையின் உள்ளே உள்ளது என்று நம்பி மாந்தர் சாகின்றனர். ஏழு முடிவுகளுள் ஐந்து அக்கல்லிடம் வேண்டுவதால் வருபவை. செல்வம் வேண்டியவன் பொன் மழை பொழிவதாகக் காண்கிறான். மெய்யில் கூரை இடிந்து அவன்மேல் விழுகிறது. சாவாமை வேண்டியவன் சிலையாகிறான். பேராசையின் கேட்டை அறநூல் போல் உரைக்காமல், ஆடுவோன் தானே தேர்ந்த வழியின் பயனாகக் காட்டியது ஆக்கியோரின் நுட்பம்.

‘தெளிந்த வானம்’ முன்கதை கூறுவது. அதனை முழுதும் பழிப்பது முறையன்று. அதன் சதுப்பு நிலம் வரிசையிலேயே அழகிய இடங்களுள் ஒன்று. அரும்பொருள்கள் கருவியின்றிப் புலப்படா என்னும் விதியும் இதில்தான் நுழைந்தது. பொருள் தேடும் தொழிலுக்கு அது பொருத்தமான அருமையைத் தந்தது. குறை எங்கே எனின், குழுக்களிடையே மூளும் போரில் ஆடுவோனை நடுநாயகமாக்கியதில் உள்ளது. அவன் சேர்ந்த பக்கம் வெல்கிறது. வென்ற இடம் மீண்டும் தாக்கப்படுகிறது. அவன் மீண்டும் ஓடுகிறான். நிலத்தைக் கண்டு அஞ்சியவன் நிலப்படத்தின் புள்ளிகளைக் காக்கும் காவலன் ஆகிவிட்டான். பிற்பகுதியில் திறந்த நிலமும் சுருங்கி, ஒற்றை வழியில் சுட்டுக்கொண்டே செல்லும் நிலை வருகிறது. வெளிவந்த காலத்தில் வழுக்களும் மலிந்திருந்தன. வழுக்களைத் திருத்தலாம், முதற்பொருளைப் போர்க்களமாக மட்டும் கண்ட நோக்கைத் திருத்துதல் அரிது.

மூன்றாவதன் அடக்கம்

‘பிரிப்பியாட்டின் அழைப்பு’ இப்பிழையிலிருந்து பாடம் கற்றது. அதன் நாயகன் தெக்தியாரேவ், வீழ்ந்த ஐந்து எலிகாப்டர்களை ஆராய மாறுவேடத்தில் வந்த அரசு அதிகாரி. கதை சிறிது. நிலப்பரப்புகளோ மூன்றுதான். ஆயினும் ஒவ்வொன்றும் தேய்ந்த காலடித் தடம் போல் மனத்தில் பதிகின்றது. நீர் வற்றிய சதுப்பில் துருப்பிடித்து நிற்கும் ‘ஸ்கதோவ்ஸ்க்’ என்னும் கப்பல் வழிப்போக்கர்க்கு விடுதியாகிறது. யானோவ் இரயில் நிலையத்தில் பகைக்குழுவினர் இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் படைக்கலம் நீட்டாமல் தங்குகின்றனர். வானம் சிவந்து கதிர்ப்புயல் எழும்போது நல்லவனும் தீயவனும் ஒருங்கே ஒதுங்கிடம் தேடி ஓடுகின்றனர். நிலம் அனைவரையும் சமன் செய்கிறது.

மனம் அடிமையாக்கப்பட்டுக் கொலைஞராயிருந்த சிலர் திடீரெனத் தெளிவு பெற்றுப் போக்கிடமின்றித் திகைக்கும் பகுதி ஒன்று இதில் உண்டு. அவர்களுக்குப் புகலிடம் தேடித் தருவதும் தராததும் ஆடுவோன் விருப்பம். இறுதியில் அவன் சந்தித்த மாந்தர், கண்ட இடங்கள் ஆகியவற்றின் பிற்காலம் ஒவ்வொன்றாக உரைக்கப்படுகிறது. உலகைக் காத்தான் என்னும் பெருமொழி அங்கு இல்லை. இன்னார் வாழ்ந்தார், இன்னார் மாண்டார் என்பதே உள்ளது. முதல் விளையாட்டின் மருமமும் அச்சமும் இதில் குறைவு என்பது உண்மை. எனினும் முதல், கரு, உரி மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இதில்தான்.

வீடிழந்தோர் கதை

நிறுவனம் 2011இல் கலைந்து 2014இல் மீண்டும் எழுந்தது. நான்காவது விளையாட்டின் ஆக்கம் நடந்துகொண்டிருக்கையில், 2022 பிப்ரவரி 24இல் இரசியப் படைகள் உக்கிரேனுள் புகுந்தன. செர்னோபில் நிலையமும் மார்ச் இறுதிவரை அப்படைகளின் கையில் இருந்தது. ஆக்கியோருள் ஒரு பகுதியினர் பிராகா நகருக்குப் பெயர்ந்தனர். சிலர் படையில் சேர்ந்தனர். ‘தெளிந்த வானம்’ ஆக்கத்தில் பங்கு கொண்ட வொலோதிமிர் யெசோவ் 2022 திசம்பரில் பாக்முத் அருகே போரில் மாண்டார். தலைப்பிலிருந்த ஊர்ப்பெயரும் இரசிய ஒலிப்பை விட்டு ‘சோர்னோபில்’ என்னும் உக்கிரேனிய ஒலிப்பைப் பெற்றது. ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறுவது சிறிதன்று என்பதை மொழிப் பற்றுடையோர் எளிதில் உணர்வர்.

இத்துன்பத்தினூடே வந்த விளையாட்டைக் குறையின்றிப் புகழ்தல் அன்பாகுமேயன்றித் திறனாய்வாகாது. ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் நிலம் இடையறவின்றி விரிகிறது. ஒளியும் மழையும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் முதல் விளையாட்டின் உயிராயிருந்த தன்னியக்கம் 2024இல் இது வெளிவந்தபோது தளர்ந்திருந்தது. வெற்றிடத்தில் திடீரெனப் பகைவர் தோன்றினர். அதனால் நிலம் தனக்கென வாழ்கிறது என்னும் நம்பிக்கை குலைந்தது. ஆக்கியோரே குறையை ஒப்பித் திருத்தங்கள் வெளியிட்டனர்.

கதையிலோ புதிய ஆழம் ஒன்று உண்டு. முதல் மூன்றிலும் மண்டலத்துக்கு வந்தவர்க்கு வெளியே இழக்க வீடு இருந்ததாகக் கதை வற்புறுத்தவில்லை. நான்காவதன் நாயகன் ஸ்கிஃப், மண்டலத்துப் பொருளொன்றால் தன் வீடு அழிந்தபின் காரணம் தேடி வருபவன். மண்டலம் எல்லை தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. வீடு விட்டுப் பெயர்ந்தோர் கைகளிலிருந்து இக்கதை வெளிப்பட்டது என்று அறிந்து ஆடுவோர்க்கு, அவ்விடிந்த சுவர் புனைவாக மட்டும் தோன்றாது.

தீர்ப்பு

மெய்யாக நேர்ந்த துயரை விளையாட்டாக்குதல் தகுமா என்று வினவுவார் உளர். வினா நியாயமானது. பிரிப்பியாட்டின் 49,000 பேர்தம் குரல் இவ்வரிசையில் அரிதாகவே கேட்கிறது. அவர்தம் அறைகளே பேசுகின்றன. இது ஒரு குறைதான். எனினும் ஆடுவோனைச் சிறியவனாக்கி நிலத்தைப் பெரிதாக்கும்போதெல்லாம் இவ்விளையாட்டுகள் அத்துயரை மதிக்கின்றன. அவனை வெற்றி வீரனாக்கும்போது அதனை மறக்கின்றன. இவ்வுரைகல்லில் ‘பிரிப்பியாட்டின் அழைப்பு’ முதலிடம் பெறும். ‘செர்னோபிலின் நிழல்’ அதற்கு மிக அண்மையில் நிற்கும். ‘செர்னோபிலின் இதயம்’ கருத்தின் ஆழத்தால் மூன்றாவதாகும். ‘தெளிந்த வானம்’ அதன் சதுப்பு நிலத்துக்காக மட்டும் நினைக்கப்படும்.

தீக்குழி ஒன்றைச் சுற்றி நால்வர் அமர்ந்து, ஒருவன் கிதார் மீட்ட, பிறர் கேட்டிருக்கும் காட்சி இவ்வரிசையில் திரும்பத் திரும்ப வருவது. அங்கே ஆடுவோன் சுடுவதற்கு ஒன்றும் இல்லை. அமர்ந்து கேட்கலாம், அன்றி எழுந்து போகலாம். மாணவர்க்கு இவ்விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர், எத்தனை பகைவரை வீழ்த்தினாய் என்று கேளாமல், அத்தீயருகே எவ்வளவு நேரம் இருந்தாய் என்று கேட்பாராயின், பேச்சு இலக்கியத்தின் வாயிலுக்குத் தானே வந்து சேரும்.