அரசமரபா, பயன்பாடா? நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகளின் கூட்டுப் பாதுகாப்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வரலாற்றுக் கோட்டைகளைக் காப்போரும் நிருவகிப்போரும் இணைந்து செயல்பட வேண்டும் என்னும் கருத்து, இந்தியாவில் இரு தொகுப்புப் பதிவுகளின் வழியாகச் செயல்வடிவம் பெற்றது. 2013-இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளும், 2025-இல் மராத்தியர் படைத்துறை நிலவமைப்பு என்னும் பெயரில் செஞ்சி உள்ளிட்ட 12 கோட்டைகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இம்மாதிரி சேலம், நாமக்கல் சமவெளிக் கோட்டைகளுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மாதிரியின் வலிமையும் வரம்பும்

ராஜஸ்தானில் பதிவிற்கு முன்னரே, 2011-இல், மாநிலத் தலைமைச் செயலரின் தலைமையில் உயர்நிலை ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. மராத்தியர் தொகுப்பின் 12 கோட்டைகளுள் எட்டு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும், நான்கு மகாராஷ்டிர அரசின் பாதுகாப்பிலும் உள்ளன. தனித்தனியே இயங்கும் துறைகளை ஒரே திட்டத்தின்கீழ்க் கொணர்ந்தமை இம்மாதிரியின் வலிமை ஆகும்.

எனினும் இவ்விணைப்பிற்கு அடிப்படையாக அமைவது அரசமரபின் பெயரே. செஞ்சியை நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் ஆண்டனர். தொகுப்பிற்குக் கருத்தொருமை தேவை என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்வொருமை, ஏனைய வரலாற்று அடுக்குகளைப் பின்னுக்குத் தள்ளுவதால் கிடைக்கிறது.

நாமக்கல்லும் சங்ககிரியும்

நாமக்கல் நகரின் நடுவே எழும் ஒற்றைப் பாறையில், அதியர் மரபோடு தொடர்புடைய எட்டாம் நூற்றாண்டு நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் உள்ளன. உச்சியில் கோட்டை மதிலும், பெருமாள் கோயிலும், தர்காவும் அமைந்துள்ளன. 1768-இல் கும்பினிப் படை இக்கோட்டையைக் கைப்பற்ற, ஐதர் அலி அதனை மீட்டார். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி கும்பினி ஆட்சிக்குள் வந்தது. சங்ககிரியில் தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய நினைவு ஆடி 18-இல் போற்றப்படுகிறது. அம்மலையின் சென்னகேசவப் பெருமாள் சித்திரைத் தேர்த்திருவிழாவிற்கு நகருக்கு எழுந்தருளுகிறார். இக்கோட்டையினுள்ளும் தர்கா உண்டு. ஆகவே, எந்த ஓர் அரசமரபின் பெயராலும் இவ்விரு கோட்டைகளையும் இணைத்தல் இயலாது.

நிருவாகமும் இவ்வாறே பிரிந்து நிற்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் கட்டுமானத்தை முதன்மைப்படுத்துகிறது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் கோயில் நிருவாகத்தை நெறிப்படுத்துகிறது. நரசிம்மர் குடைவரை இவ்விரண்டின் எல்லைக்குள்ளும் அடங்குகிறது. தர்காவோ அறநிலையச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதியையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதியையும் விதிக்கிறது. நகர நடுவிலுள்ள நாமக்கல் பாறையைப் பொறுத்தவரை, இவ்விதி மலையடிவாரக் குடியிருப்பாளரையும் கோட்டையின் பாதுகாப்போடு பிணைக்கிறது. கட்டுப்பாட்டிற்கு உட்படும் அவர்கள் முடிவெடுப்பில் பங்குபெறாவிடின், அதனை ஒத்துழைப்பு எனல் பொருந்தாது.

துறை அலுவலர்களை மட்டும் கொண்ட குழு இக்குறையை நீக்காது. தேர்த்திருவிழாவும் தர்கா வழிபாடும் நினைவு நாளும் ஒரே மலைப்பாதையை வெவ்வேறு நாள்களில் பயன்படுத்துகின்றன. படிகளின் தேய்வையும் மதிற்கற்களின் பெயர்வையும் முதலில் காண்போர் அப்பாதையில் தொடர்ந்து ஏறி இறங்குவோரே. அவர்களுடைய அறிவு பதிவு பெறுவதற்கான வழிமுறை பாதுகாப்புத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

தொகுப்புப் பதிவு மாதிரியிலிருந்து கொள்ளத்தக்கது துறைகளுக்கிடையிலான பொதுத் திட்டம். தள்ளத்தக்கது ஒற்றை மரபுப் பெயர். நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகளை இணைப்பது அவை இன்றும் பலரால் பலவாறு பயன்படுத்தப்படுகின்றன என்னும் பண்பே. வழிபடுவோர், நினைவு கூர்வோர், அடிவாரத்தில் வாழ்வோர் ஆகியோருக்குத் துறைகளோடு ஒத்த இடமளிக்கும் பாதுகாப்புத் திட்டமே இக்கோட்டைகளின் இயல்பிற்கு ஏற்றதாகும்.